கழுதை ஆவது எப்படி?

கழுதை ஆட்டத்தில் ஒரு தடவை தோற்க யாராலும் முடியும். சீட்டு சரியாக விழாவிட்டால் போதும். சனிக்கிழமை மத்தியானம் கட்டைப் பிரித்ததிலிருந்து ராத்திரி சாப்பிடக் கூப்பிடும்வரை, போட்ட ஆட்டம் அத்தனையிலும் நீங்களே கழுதையாக வேண்டும் என்றால் அதற்குப் பயிற்சி வேண்டும், முறை வேண்டும், குடும்பத்தின் ஒத்துழைப்பு வேண்டும். மூன்றாவது உங்களிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. முதல் இரண்டுக்கு நான் பொறுப்பு.

வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மாப்பிள்ளைகளுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டையும் ஆட்களுக்குப் பகிர்ந்து போட வேண்டும். இஸ்பேட் ஆஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் அதை இறக்கித் தொடங்குவார். மற்றவர்கள் அதே இனத்தில் ஒரு சீட்டு போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிந்தன; கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை இறக்குவார். யாரிடமாவது அந்த இனம் இல்லை என்றால் வேறு ஏதாவது சீட்டைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்த கணமே சுற்று நிற்கும். அதுவரை விழுந்ததில், இறக்கிய இனத்தின் பெரிய சீட்டு யாருடையதோ அவர், வெட்டின சீட்டையும் சேர்த்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு, அடுத்ததை இறக்க வேண்டும். ஆஸ் எல்லாவற்றுக்கும் பெரிது, 2 எல்லாவற்றுக்கும் சிறிது. கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பவர் கழுதை. கேரளத்திலும் இதற்குக் கழுதைதான். பஞ்சாபில் தோற்றவரை ‘பாபி’, அதாவது அண்ணி என்கிறார்கள். அண்ணிமார் பொறுத்துக்கொள்ளவும்.

ஆக, இது சீட்டுச் சேர்க்கிற ஆட்டமல்ல, சீட்டைத் தொலைக்கிற ஆட்டம். என்ன கழிந்தது, யார் எதை அள்ளினார், யாரிடம் எது இல்லை: இந்த மூன்றையும் நினைவில் வைத்தவர் தப்பிக்கிறார். நாம் இனி செய்யப்போவது இதற்கு நேர் எதிரானது. சம்மணம் போட்டு உட்காருங்கள்.

1. மலைக்குப் போய் ஆடுங்கள்.

வீட்டில் ஆடினால் தப்பிக்க வழி இருக்கிறது. பால் வாங்கப் போகலாம், போன் வந்தது என்று எழுந்திருக்கலாம். கல்வராயன் மலையில் அந்த வசதி கிடையாது. கள்ளக்குறிச்சியில் வேன் பிடியுங்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை வரும். “46 அடி டேம்ல இப்ப எத்தனை அடி இருக்கும்?” என்று பெரியப்பா கேட்பார். யாரும் பதில் சொல்ல வேண்டாம். வேன் மலையேற ஏற, போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். கடைசிக் கோடு போன இடத்தில் சீட்டுக்கட்டை வெளியே எடுங்கள். வளைவுக்கு வளைவு, பெரியம்மாவுக்குப் போட்ட சீட்டு மச்சான் மடியில் போய் மல்லாந்து விழும். அதைத் திரும்பக் கேட்காதீர்கள், யார் எதைப் பார்த்தார் என்றும் விசாரிக்காதீர்கள். ஆட்டம் முழுக்கப் பழி போட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கரியாலூரில் ரூம் போட்டதும் பிள்ளைகள் பெரியார் அருவி, மேகம் அருவி என்று ஆரம்பிப்பார்கள். “ஒரே ஒரு ஆட்டம், முடிச்சிட்டுப் போயிடலாம்” என்று சொல்லுங்கள். அருவி எங்கேயும் போகாது. வெளிச்சம் போய்விடும், அதைச் சொல்ல வேண்டாம்.

2. ஆறு பேரைச் சேருங்கள்.

நாலு பேர் ஆடினால் ஆளுக்கு 13 சீட்டு, கணக்கு சுலபம். சுலபமான கணக்கு நமக்கு ஆகாது. ஆறு பேர் உட்கார்ந்தால் 52 சமமாகப் பிரியாது. நாலு பேருக்கு 9, இரண்டு பேருக்கு 8 வரும். சீட்டு போட்டு முடித்ததும் எண்ணிப் பாருங்கள். 9 வந்திருந்தால், “எனக்கு மட்டும் எப்பவும் ஒண்ணு அதிகம்” என்று சொல்லுங்கள். 8 வந்திருந்தால் வாயைத் திறக்காதீர்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஏதாவது தப்பு நடக்கும்போது, “எட்டு சீட்டை வச்சுக்கிட்டு மனுஷன் எப்படி ஆடுறது?” என்று இதையே திருப்பிப் போடுங்கள்.

ஆறு பேரில் ஒருவர் தாத்தாவாக இருப்பது நல்லது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தாத்தா இன்னும் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதும்போது விழுப்புரம் மாவட்டம் என்கிறார். கொஞ்சம் உற்சாகமாக இருந்தால் தென்னாற்காடு என்றே எழுதிவிடுவார். அதிலிருந்து விழுப்புரம் தனியாகப் போனது 1993இல். அவருக்கு ஞாபக மறதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, வந்து சேரத்தான் தாமதமாகிறது. கிளாவர் ராணி கழிந்ததா என்று கேட்க வேண்டுமானால் அவரையே கேளுங்கள். போன பொங்கலுக்கு ஆடிய ஆட்டத்தில் கழிந்ததைத் திருத்தமாகச் சொல்வார்.

3. சீட்டைக் கலைக்காதீர்கள்.

கலைப்பது போல் செய்யுங்கள், போதும். சீட்டைப் பாதியாகப் பிரித்து, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று நுழைகிற மாதிரி சர்ரென்று விடும் முறையில், ஏழு தடவை கலைத்தால்தான் கட்டு சரியாகக் கலைகிறது என்று டேவ் பேயர், பெர்சி டயாகோனிஸ் என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1992இல் எழுதினார்கள். நம் வீட்டில் அந்த முறை யாருக்கும் வராது. உள்ளங்கையில் கட்டை வைத்து, கீழிருந்து நாலு சீட்டை உருவி மேலே போடுவோம். அதற்கு ஏழு தடவையெல்லாம் எந்த மூலைக்கு! அதிலும் நீங்கள் இரண்டு தடவை உருவிவிட்டு, “போதும்டா, கலைஞ்சிருச்சு” என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கழுதையில் கழிந்த சீட்டெல்லாம் இனம் இனமாகத்தான் அடுக்கிக் கிடக்கும்: ஆறு ஆட்டின், அதன் மேல் ஆறு டைமன். அதைக் கலைக்காமல் ஆறு பேருக்கு ஒவ்வொன்றாகப் போட்டால் ஆளுக்கு ஒரு ஆட்டின், ஆளுக்கு ஒரு டைமன். வெட்டே விழாது. சுற்று சுற்றாகக் கழிந்து, எல்லோருக்கும் தூக்கம் வரும். அப்போது, “ஆட்டத்துல ஒரு விறுவிறுப்பே இல்லையே” என்று குறைபட்டுக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

4. சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடியுங்கள்.

இடது பக்கம் இஸ்பேட், அடுத்து ஆட்டின், அப்புறம் கிளாவர், வலது ஓரம் டைமன். இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து சீட்டை உருவுகிறீர்கள் என்பதை வைத்தே எதிரில் இருக்கும் சித்தி, எந்த இனம் தீர்ந்தது என்று தெரிந்துகொள்வாள். பெண்களுக்கு இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று வியந்துகொண்டே தோற்பது ஒரு தனி சுகம். டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்து உட்காருங்கள். உங்கள் கையில் இருப்பது அதிலேயே தெரியும்.

நடுவில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் காரச் சட்னியும் வரும். ஆட்டத்தை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். சட்னிக் கையாலேயே டைமன் ஆஸைப் பிடியுங்கள். இனி அந்தச் சீட்டு யார் கையில் இருந்தாலும் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதிகமும் அது உங்கள் கையில்தான் இருக்கும்.

5. ஆஸைக் கடைசிவரை பத்திரப்படுத்துங்கள்.

பெரிய சீட்டைத் தொடக்கத்திலேயே, எல்லோரிடமும் எல்லா இனமும் இருக்கும்போதே இறக்கிக் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் அது வெட்டு வாங்காமல் ஓரமாகப் போகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பெரிய சீட்டு என்றால் பெரிய சொத்து. முதல் சுற்றில் 3ஐ இறக்குங்கள், அடுத்த சுற்றில் 5. ஆஸும் ராஜாவும் கையில் பூப்போல இருக்கட்டும்.

கையில் இருப்பதை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த மலையிலேயே முன்னுதாரணம் உண்டு. சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் 1976 வரை கையில் வைத்திருந்தார்கள். நீங்கள் அரை மணி நேரம் ஒரு ஆஸை வைத்திருக்க முடியாதா? கடைசியில் அரசாங்கம் வந்து அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அந்த இனத்தில் வெளியே இரண்டே சீட்டு மிச்சமிருக்கும்போது மச்சான் 2ஐ இறக்குவார், நீங்கள் ஆஸைப் போடுவீர்கள், பெரியம்மா வெட்டுவார். அள்ளுங்கள்.

6. எண்ணாதீர்கள்.

இதுதான் பயிற்சியின் இதயம். கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

ஒரு இனத்தில் 13 சீட்டு. ஆறு பேரும் போட்டு ஒரு சுற்று கழிந்தால் 6 போச்சு, மீதம் 7. அந்த 7உம் ஆறு பேரிடமும் ஆளுக்கு ஒன்றாவது இருக்கும்படி பிரிந்து கிடக்க வேண்டும் என்றால் அது அபூர்வம். ஆகவே இரண்டாவது சுற்றிலேயே வெட்டு விழ வாய்ப்பு அதிகம். தப்பித் தவறி இரண்டாவது சுற்றும் முழுசாகக் கழிந்துவிட்டால் 12 போய் வெளியே ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. அது உங்களிடம் இருந்து, அதையே நீங்கள் இறக்கினால், பக்கத்தில் இருப்பவர் வெட்டியே தீர வேண்டும். போட்டதை நீங்களே அள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கழித்தல் கணக்கு. உங்கள் வீட்டில் மளிகைக் கடைக்காரனிடம் இரண்டு ரூபாய் மிச்சத்துக்கு நின்று வாதாடுகிறவர்கள் யாருக்கும் இது வராது.

1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தக்கூடியது ஏழு விஷயம், கூடக்குறைய இரண்டு என்று ஒரு கட்டுரை எழுதினார். கெட்டிக்காரர்கள் அந்த ஏழில் நாலைத்தான் செலவழிக்கிறார்கள்: இனத்துக்கு ஓர் எண், இதுவரை எத்தனை கழிந்தது என்று. இஸ்பேட் 6, ஆட்டின் 12, கிளாவர் 6, டைமன் 0. அவ்வளவுதான். அதனால் நீங்கள் 52ஐயும் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்யப் பாருங்கள். மூன்றாவது சுற்றில் எல்லாம் குழம்பி ஒன்றுமே ஞாபகம் இல்லாமல் போகும். அப்போது நிம்மதியாக ஆடலாம்.

எண்ணுவதற்கு வைத்திருந்த இடத்தைக் காலியாக விடவும் கூடாது. அதில் குடும்ப வரலாற்றைப் போட்டு நிரப்புங்கள். சின்ன நாத்தனார் வளைகாப்பில் யாருக்குத் தட்டில் ஸ்வீட் வைக்காமல் விட்டார்கள், சின்னசேலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய சம்பந்தியை அழைத்துவர யார் போகவில்லை, தாத்தா பத்திரம் எழுதியபோது பின்பக்கத்துக் கிணறு யார் பங்கில் போனது: இதெல்லாம் தேதி, கிழமை, உடுத்தியிருந்த புடவையின் நிறம் உட்பட ஞாபகம் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு முன் மாமா ஆட்டின் ராஜாவை அள்ளினாரா இல்லையா என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிக்க வேண்டும். நம் குடும்பங்களுக்கு நினைவாற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டில் செலவழிக்க மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

ரம்மி அதிர்ஷ்ட ஆட்டமா, திறமை ஆட்டமா என்ற கேள்விக்கு 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விழுகிற சீட்டை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அவர்கள் கரியாலூரில் உங்கள் வீட்டார் ஆடியதைப் பார்க்காதது ரம்மிக்கு அடித்த அதிர்ஷ்டம்.

7. யார் எதை அள்ளினார் என்று பார்க்காதீர்கள்.

வெட்டு விழுந்ததும் ஒரு கூச்சல் எழும். அந்தக் கூச்சலில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரியுங்கள். சிரிக்கிற நேரத்தில் மாமா கிளாவர் ராஜா, ஜாக்கி, 9, 4 எல்லாவற்றையும் அள்ளிக் கையில் செருகிவிடுவார். வெட்டினது சித்தி. ஆக மாமாவிடம் கிளாவர் குவிந்திருக்கிறது, சித்தியிடம் கிளாவரே இல்லை. இதைக் கவனித்தவன், தன் முறை வரும்போது கிளாவர் 2ஐ இறக்கினால் என்ன ஆகும்? மாமா பெரியதாகத்தான் போட்டாக வேண்டும், சித்தி மறுபடி வெட்டுவாள், மாமா மறுபடி அள்ளுவார். இந்த ஆட்டத்தில் சூட்சுமம் என்று சொன்னால் இது ஒன்றுதான்.

உங்களுக்கு அது தேவைப்படாது. சித்தியிடம் கிளாவர் இல்லை என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிற நேரம் பார்த்து, அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, கிளாவர் ராணியை இறக்குங்கள். அடுத்த சீட்டே வெட்டு. குவியலில் இருப்பது உங்கள் ராணியும் அவளுடைய வெட்டுச் சீட்டும் மட்டுமே. “எனக்குன்னே வச்சிருக்கியா?” என்று கேளுங்கள். அவள் சும்மா சிரிப்பாள்.

8. உறவு பார்த்து வெட்டுங்கள்.

வெட்டுகிறவருக்கு ஒரு பாக்கியம் உண்டு: கையில் உள்ள ஆபத்தான பெரிய சீட்டை அந்தக் குவியலில் தள்ளிவிடலாம். டைமன் ஆஸ் உறுத்துகிறதா, வெட்டில் விட்டுவிடலாம். அள்ளுகிறவர் தலையில் போய்ச் சேரும். எனவே வெட்டும்போது 2ஐ எடுங்கள்.

அள்ளப்போவது மாமியார் என்றால் சட்டென்று வெட்டிவிட வேண்டாம். அந்த இனம் இல்லாவிட்டாலும் இருப்பது போல் தேடுங்கள், பெருமூச்சு விடுங்கள், “அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று முன்னுரை சொல்லுங்கள், கடைசியில் உள்ளதிலேயே சின்ன சீட்டாகப் பார்த்து மெல்லப் போடுங்கள். மாமியார் உங்களுக்கு அதே மரியாதையைத் திருப்பிச் செய்வார் என்று எதிர்பார்க்கலாம். அடுத்த சுற்றிலேயே இஸ்பேட் ராஜாவை வைத்து வெட்டிவிட்டு, “ஆட்டம்னா ஆட்டம்தான்மா” என்பார்.

கொழுந்தனாரை மட்டும் தயவு தாட்சண்யமில்லாமல் வெட்டுங்கள். அவர் தோற்க வாய்ப்பே இல்லாத நிலையில் இருந்தாலும், வெட்டினால் வினை உங்களுக்கே திரும்பும் என்றாலும்.

9. பேசுங்கள்.

சிலர் சீட்டாடும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். மர முகத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே நல்ல சீட்டு வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள், கெட்ட சீட்டு வந்தால் தரையைத் தட்டுங்கள். “எங்கிட்ட இஸ்பேட்டே இல்லப்பா” என்று பொதுவாக அறிவியுங்கள். யாராவது யோசித்தால், “போடுங்க சித்தப்பா, அது போன ரவுண்டே கழிஞ்சிருச்சு” என்று எதிராளிக்குத் தகவல் கொடுங்கள். அந்தத் தகவல் தப்பாக இருப்பது இன்னும் விசேஷம்.

10. கள்ளாட்டம் ஆடுங்கள், ஆனால் மறந்துவிடுங்கள்.

கையில் ஆட்டின் இருக்கும்போதே இல்லை என்று சொல்லி வெட்டுவது கள்ளாட்டம். இதில் வெற்றி பெற ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்க வேண்டும்: அந்த ஆட்டினை அப்புறம் வெளியே காட்டக் கூடாது. நாலு சுற்று கழித்து, பெரிய சீட்டு ஒன்றைக் கழிக்கும் குஷியில், அதே ஆட்டின் 10ஐ நடு விரிப்பில் பளாரென்று போடுங்கள். ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு எல்லோரும் பேசுவார்கள். “ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கவனிக்கல” என்பது எல்லா ஊரிலும் செல்லுபடியாகிற பதில்.

காசு வைக்காதீர்கள். 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. மானத்தை வைத்து ஆடுங்கள். அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது.

11. பத்து வயதுப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சேர்த்தால் கெட்டது. அதற்கு நாத்தனார் வளைகாப்பும் தெரியாது, கிணற்றுப் பங்கும் தெரியாது. மனதில் இடம் காலியாக இருக்கிறது. ஆட்டின் ராஜாவுக்கு மட்டும் மீசை கிடையாது, இஸ்பேட் ஜாக்கிக்கும் ஆட்டின் ஜாக்கிக்கும் ஒரு கண்தான் தெரியும் என்று நீங்கள் இத்தனை வருஷமாகப் பார்க்காததையெல்லாம் பார்த்து வைத்திருக்கும். யார் எந்தச் சீட்டை அள்ளினார் என்று கேட்டால் ஒப்பிக்கும். முதல் ஆளாகத் தப்பித்து உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். “மாமா, அத ஏன் போடுறீங்க?” என்று சபைக்குக் கேட்கும்படி கேட்கும்.

தண்ணீர் கொண்டுவர அனுப்புங்கள். வந்ததும் விசிறி கொண்டுவர அனுப்புங்கள். ராத்திரியில் கரியாலூர் குளிருக்கு விசிறி எதற்கு என்று அது கேட்கும். பதில் சொல்லாதீர்கள்.

12. முடிந்த ஆட்டத்தை மறுபடி ஆடுங்கள்.

கழுதை யார் என்பது முடிவானதும் எழுந்துவிடக் கூடாது. “நீ மட்டும் அப்ப அந்த டைமன் ஏழைப் போடாம இருந்திருந்தா...” என்று ஆரம்பியுங்கள். ஆடும்போது ஒரு சீட்டும் ஞாபகம் இல்லாதவர்கள் எல்லோரும் இப்போது, கழிந்த சீட்டுகளை வரிசை மாறாமல் சொல்வார்கள். ஆளுக்கொரு வரிசை சொல்வார்கள். சாட்சிக்குத் தாத்தாவைக் கூப்பிடுங்கள். அவர் தென்னாற்காட்டு மாவட்டத்தில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

இத்தனையும் கைவந்தவர்கள் அடுத்த வகுப்புக்குத் தயார். லிட்டரேச்சர் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஹாஸ்டல் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். நாலு சீட்டை எடுத்துவிட்டு மீதி 48ஐ ஆறு பேருக்கு எட்டெட்டாகப் போட்டு, மூன்று மூன்று பேராக இரண்டு கட்சி பிரிந்து ஆடுவது. எதிர்க்கட்சி ஆளைப் பார்த்து, “உங்கிட்ட கிளாவர் ராணி இருக்கா?” என்று கேட்க வேண்டும். இருந்தால் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கேட்கும் முறை அவருக்குப் போகும். ஒரு செட்டுக்கு ஆறு சீட்டு. அந்தச் செட்டில் ஒன்றாவது உங்கள் கையில் இருந்தால்தான் கேட்க முடியும். ஆகவே நீங்கள் வாயைத் திறந்து கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று சபைக்குச் சொல்லிவிடும். கழுதையில் பேசித் தோற்கலாம். இதில் பேசாமல் ஆடவே முடியாது. அதனால் கணவன் மனைவியை ஒரே கட்சியில் போடுங்கள். இத்தனை வருஷமாக ஒருவர் கேட்டதை மற்றவர் காதில் வாங்காத பயிற்சி இருக்கிறது. அவள் ஒரு தடவை கேட்டு, ‘இல்லை’ என்று பதிலும் வந்துவிட்ட அதே சீட்டை, அதே ஆளிடம், அடுத்த முறை அவர் கேட்பார். எதிர்க்கட்சிக்கு அதற்கு மேல் உதவி தேவையில்லை.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைய கணக்கை முடியுங்கள். மணி ஒன்பது, சாப்பாடு தயார் என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, அருவிக்கு நாளைக் காலையில் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். கையில் பதினொரு சீட்டோடு உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டும்தான். ஒரு பேச்சும் பேசாமல் 52ஐயும் கூட்டிச் சேருங்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துப் போட வேண்டியது கழுதைதான்.